முட்டி வலி மாத்திரையும் தட்ட வேண்டிய கதவுகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மருந்து என்றாலே தோட்டத்து டிரெஸர் ஐயாவின் முகம்தான் நினைவுக்கு வரும். காய்ச்சல் மிக்சரும், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தும், பூச்சி மாத்திரையும் அவர் கையிலிருந்துதான் வந்தன. அவர் டாக்டர் அல்லர். ஆனால் 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டத்தின்படி அவருடைய பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. அவருக்கு மேலே தோட்டம் தோட்டமாகச் சுற்றி வரும் டாக்டர் ஒருவர் இருந்தார். யாருக்கு என்ன கொடுத்தார் என்பது ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ஏதாவது நேர்ந்தால் யாரைப் போய்க் கேட்பது என்ற ஐயம் எங்களுக்கு இருந்ததில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறிய பிறகு, அரசாங்க கிளினிக், தனியார் கிளினிக், பார்மசி, சீன மருந்துக் கடை, இரவுச் சந்தை, கைப்பேசி விளம்பரம் என்று பல வழிகளில் மருந்து வீட்டுக்குள் வரத் தொடங்கியது. இவற்றையெல்லாம் கண்காணிக்க அரசாங்க அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறானவை. எந்த முறையீட்டை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை என் அத்தைக்கு நேர்ந்த ஒன்றை முன்னிட்டு நான் அறிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை வாழ்நாளின் பெரும்பகுதி பால்மரம் வெட்டியவர், எழுபதைக் கடந்தவர். முட்டித் தேய்மானத்துக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மருந்து கிடைத்தாலும், காத்திருப்பு நீண்டது, வலியோ குறையவில்லை. இரவுச் சந்தையில் தமிழில் பேசி, ‘அம்மா, அம்மா’ என்று அழைத்து விற்ற ஒருவரிடமிருந்து பழுப்பு நிற மூலிகைக் குளிகைகள் அடங்கிய புட்டியை வாங்கி வந்தார். சாப்பிட்ட மறுநாள் காலையில் படி இறங்க முடிந்தது. அதன் பிறகு அந்தப் புட்டி வீட்டில் தீர்ந்ததே இல்லை. சில மாதங்களில் அத்தையின் கன்னங்கள் உப்பி முகம் வட்டமானது. கோயிலில் பார்த்தவர்கள் “பூசினாற்போல் நன்றாக இருக்கிறீர்கள்” என்றார்கள். உடம்பு தேறிவிட்டது என்றே குடும்பமும் நினைத்தது. ஆனால் கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன. லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் நீலம் பாய்ந்தது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது.

கிளினிக்கில் இருந்த மருத்துவ உதவியாளர் கேட்ட விதம் எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று அவர் முதலில் கேட்டபோது, அத்தை இல்லை என்றார். அது பொய்யன்று, பச்சிலைக் குளிகையை அவர் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. உதவியாளர் சற்று யோசித்துவிட்டு, வலிக்கோ சத்துக்கோ தூக்கத்துக்கோ எதை வாயில் போட்டாலும் அதைப் புட்டியோடு கொண்டு வரும்படி சொன்னார். “இது பச்சிலைதான்பா, ஒன்றும் செய்யாது” என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை அதை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். வயதானவர்களை கிளினிக்குக்கு அழைத்துப் போகிறவர்கள், ‘மருந்து’ என்று கேட்காமல் இப்படிப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

டாக்டரின் ஐயம் ஸ்டீராய்டின் மீது விழுந்தது. மூட்டுவலிக்கு விற்கப்படும் மூலிகைப் பொருள்களிலும் ஜாமு எனப்படும் மலாய்ப் பாரம்பரிய மருந்து வகைகளிலும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலந்து விற்பது பலமுறை பிடிபட்ட ஏமாற்று வேலை. வீக்கத்தையும் வலியையும் ஓர் இரவில் அடக்கிவிடும் என்பதால் வாங்கியவர் மீண்டும் வருவார் என்பதே கலப்பவரின் கணக்கு. டாக்டர் அடுத்துச் சொன்ன செய்தியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை: புட்டியை உடனே தூக்கிப் போட்டு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து நாள்தோறும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. வரத்து திடீரென்று நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அத்தையை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே காலை நேரத்து இரத்தத்தில், அந்தச் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசோலின் அளவைப் பார்த்து, அது மிகவும் தாழ்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, அளவு தெரிந்த ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைக் கொடுத்து, பிறகு அதையும் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். கலப்படம் என்று சந்தேகம் வந்ததும், கோபத்தில் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடுவதுதான் நம்மவர் வழக்கம். அதில் இரண்டு கேடுகள் உண்டு. நோயாளிக்கு ஆபத்து நேரலாம், சான்றும் போய்விடும்.

எங்களிடம் சான்று மிஞ்சியிருந்தது. அந்தப் புட்டியின் முன்புறம் பச்சை இலைப் படமும் ‘சுகாதார அமைச்சு அங்கீகாரம்’ என்ற வாசகமும் பளிச்சென்று இருந்தன. பின்புறம் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் ஒன்றும் இருந்தது. இந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எண் இருக்கிறது, ஆகவே பயமில்லை’ என்பது எங்கள் வட்டாரத்தில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. 1952ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் 1984இல் மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்யப்படாத மருந்தை நாட்டில் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. பதிவு 1985இல் தொடங்கியது; பாரம்பரிய மருந்துகள் 1992 முதல் அதற்குள் கொண்டுவரப்பட்டன. ஆணையத்தின் செயலகமாகவும் ஆய்வகமாகவும் இயங்குவது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். 1978இல் வெறும் பரிசோதனைக் கூடமாகத் தொடங்கிய அதனை இன்று என்.பி.ஆர்.ஏ. என்று அழைக்கிறோம். பதிவு எண்ணில் எம்.ஏ.எல். என்பதை அடுத்து எட்டு இலக்கங்கள் இருக்கும்; இப்போதைய எண்களில் முதல் இரண்டு பதிவான ஆண்டையும், அடுத்த இரண்டு மாதத்தையும் குறிக்கும். இறுதியில் வரும் எழுத்து பொருளின் வகையைச் சொல்லும்: ஏ என்றால் நச்சுப் பொருள் பட்டியலில் உள்ள கட்டுப்பாட்டு மருந்து, எக்ஸ் என்றால் அப்பட்டியலில் இல்லாத மருந்து, டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துணவுத் துணைப்பொருள்.

அத்தையின் புட்டியில் இருந்த எண்ணை நிறுவனத்தின் இணையத் தேடலில் என் மகள் இட்டுப் பார்த்தாள். எண் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு பெயரில், வேறொரு நிறுவனம் பதிவு செய்திருந்த பொருளுக்கு உரியது. எண்ணைக் களவாடி ஒட்டியிருந்தார்கள். ஆகவே, எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. தேடலில் வரும் பொருளின் பெயர், பதிவை வைத்திருப்பவர், தயாரிப்பாளர் ஆகிய மூன்றும் பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்பதையும் அங்கேயே காணலாம். ஃபார்மாடேக் எனப்படும் ஹோலோகிராம் ஒட்டையும் கவனிக்க வேண்டும். ஃபார்மாசெக்கர் செயலியால் அதை வருடினால் உண்மையானதா என்று தெரியும். எங்கள் புட்டியில் வெறும் மினுமினுப்புக் காகிதம்தான் இருந்தது.

எண்ணும் பெயரும் பொருந்தினால் முழு நம்பிக்கை வைத்துவிடலாமா என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. பாரம்பரிய மருந்தைப் பதிவு செய்யும்போது பார்ப்பது, பெரும்பாலும் அது கேடு செய்யாததா, தரமானதா என்பதைத்தான். ஈயம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்ற வரம்புகளுக்குள் இருக்கிறதா, கிருமிகள் மிகுந்திருக்கின்றனவா, நவீன மருந்து கலந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். முட்டி வலி தீரும் என்பதற்கான மருத்துவ ஆய்வை அந்த எண் குறிப்பதில்லை. மேலும், பதிவின்போது கொடுத்த மாதிரி ஒன்று, பிறகு சந்தைக்கு வந்த சரக்கு வேறொன்று என்றும் நடந்திருக்கிறது. அதனால்தான் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதும், கலப்படம் கண்டால் பதிவை ரத்து செய்து பெயரை வெளியிடுவதும் வழக்கமாக உள்ளன. நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா என்று 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அனுமதி பெற்ற மருந்து விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் எண் இருக்கும். ‘சர்க்கரையை வேரோடு அறுக்கும்’ என்று ஒருவர் ஒலிபெருக்கியில் கூவினாலே, பொருளின் தரத்தை ஆராய்வதற்கு முன்பே சட்டம் மீறப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி முறையீட்டுக்கு வருகிறேன். எனக்கு முதலில் தோன்றியது போலீஸ்தான். கிளினிக்கின் மருந்தாளர்தான் இரண்டு வேலைகளைப் பிரித்துச் சொன்னார். அத்தைக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பதிவு செய்வது ஒன்று. விற்றவர்மீது நடவடிக்கை கேட்பது வேறொன்று. முதலாவதை அவரே செய்தார். மருந்தின் பாதக விளைவு பற்றிய அறிக்கைகள் என்.பி.ஆர்.ஏ.வுக்குப் போகின்றன. அவற்றை மதிப்பிட 1987 முதல் ஓர் ஆலோசனைக் குழு உண்டு; 1990 முதல் மலேசியா உலக சுகாதார அமைப்பின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் உறுப்பு நாடாக உள்ளது. டாக்டரும் மருந்தாளரும் மட்டுமல்ல, நோயாளியோ அவருடைய குடும்பத்தாரோகூட இதற்கென உள்ள பயனீட்டாளர் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். இந்த மாத்திரையால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். ஒரே பொருளைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து சிறு சிறு அறிக்கைகள் சேரும்போதுதான் ஆபத்தின் உருவம் தெரியவரும் என்பதால், ‘நம்முடையது ஒன்று போனால் என்ன’ என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வேலைக்கு உரியது மாநிலந்தோறும் இருக்கும் மருந்தக அமலாக்கப் பிரிவு. பேராக்கில் அது ஈப்போவில் இருக்கிறது. பதிவில்லாத மருந்து, களவாடிய எண், கலப்படம், சட்டவிரோத விளம்பரம் எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. புகாரில் அவர்களுக்குப் பயன்பட்டவை எங்கள் வருத்தமோ வசவோ அல்ல. சந்தை கூடும் கிழமை, கடை போட்டிருந்த இடம், புட்டியின் நான்கு பக்கப் படங்கள், விற்றவர் அட்டையில் கொடுத்த தொலைபேசி எண், மிச்சமிருந்த குளிகைகள் ஆகியவையே. குளிகைகளை வேறு டப்பாவுக்கு மாற்றாமல் அதே புட்டியில் வைத்திருந்ததை அதிகாரி பாராட்டினார். கலந்து போனாலோ கை மாறினாலோ அது சான்றாக நிற்பது கடினமாகிவிடும். குற்றம் உறுதியானால் தனிநபருக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். ஓர் இரவுச் சந்தைக்காரரை இது நடுங்க வைக்கும். பின்னால் இருந்து சரக்கை அனுப்பும் பெருவணிகருக்கு இது தொழில் செலவுதான் என்பது என் கருத்து. விசாரணைக் கோப்பில் உள்ளவற்றைப் புகார்தாரரிடம் சொல்ல மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் புகார் எண்ணையும், பெற்றுக்கொண்ட தேதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், பின்னர் நிலவரம் விசாரிக்க வழி இருக்கும்.

மருந்தைப் பற்றிய புகாரும் மருந்து கொடுத்தவரைப் பற்றிய புகாரும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. இதை இன்னொரு குடும்பத்துக்கு உதவியபோது கண்டேன். அவர்களுடைய பையனுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் பெயரற்ற பிளாஸ்டிக் பொட்டலங்களில் மருந்து கொடுத்திருந்தார்கள். உடம்பெல்லாம் தடித்தபோது, எந்த மருந்தால் என்று சொல்ல வழியில்லை. நம் நாட்டில் தனியார் கிளினிக்கில் மருந்து எழுதுகிறவரே மருந்தையும் கொடுக்கிறார். இடையில் ஒரு மருந்தாளரின் கண் படுவதில்லை. ஆகவே பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டிய எழுத்துதான் நமக்குப் பாதுகாப்பு. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தேதி, கொடுத்த கிளினிக்கின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இல்லையென்றால் முகப்பிலேயே மரியாதையாகக் கேட்கலாம். அந்தக் குடும்பம் திரும்பிப் போய்க் கேட்டபோது எழுதிக் கொடுத்தார்கள், பையனுக்கு ஒவ்வாத மருந்தின் பெயரும் தெரிந்தது. டாக்டரின் தொழில் நடத்தை பற்றிய குறை என்றால் 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் கீழ் உள்ள மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும். தனியார் கிளினிக் அல்லது மருத்துவமனை உரிமம், வசதி, கட்டணம் பற்றியது என்றால் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமைச்சின் கிளை இருக்கிறது; அதைச் சிகாப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சித்த வைத்தியர் போன்ற பாரம்பரிய மருத்துவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டப்படி தனி மன்றம் உண்டு. மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கவில்லை என்பது, 2025 மே முதல் நடப்புக்கு வந்த ஆணையின்படி, உள்நாட்டு வாணிப அமைச்சோடும் தொடர்புடைய விஷயம். அரசாங்க மருத்துவமனை பற்றிய குறையை முதலில் அங்குள்ள பொது உறவுப் பிரிவில் எழுத்தில் கொடுப்பதே விரைவான வழி.

இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் தலைவர் சுகாதாரத் தலைமை இயக்குநர். மருத்துவ மன்றத்தின் தலைவரும் அவரே. நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளை நடத்துவதும், பெருமளவில் மருந்து வாங்குவதும் அதே அமைச்சு. தனிமனிதர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனாலும் மருந்தை வாங்குபவரும், வாங்கலாம் என்று அனுமதிப்பவரும், கொடுத்தவரின் தவறை விசாரிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது, மாமியாரையே பஞ்சாயத்துக்கு அழைப்பது போலத்தான். அதனால், ஓர் அமைப்பு அசையாதபோது கேட்பதற்கு அமைச்சுக்கு வெளியே உள்ள இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். அரசாங்க அலுவலகங்களின் தாமதத்தையும் மெத்தனத்தையும் விசாரிக்கும் பொதுப் புகார்ப் பிரிவு பிரதமர் துறையின் கீழ் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்பலாம். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கிறது. எங்கள் ஊரில் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதிச் சேவை மையத்துக்கு வடிகால் அடைப்புக்கும் சாலைக் குழிக்கும் போகிறவர்கள், மருந்துக்காகப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேற்பார்வை வேலை செய்ததை நேரில் கண்ட ஒரு சமயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல், சீனாவில் ஒரு தொழிற்சாலை தயாரிப்பு முறையை மாற்றியதால் வால்சார்ட்டான் என்ற இரத்த அழுத்த மருந்தின் மூலப்பொருளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் ஒரு மாசு சேர்ந்திருந்தது வெளிவந்தது. உலகெங்கும் மீட்பு நடந்தது. இங்கேயும் குறிப்பிட்ட சில தயாரிப்புகளைத் திரும்பப் பெற என்.பி.ஆர்.ஏ. உத்தரவிட்டது. அப்போது எங்கள் தாமானில் வாட்ஸ்அப் வழியாகப் பரவியது ‘பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கள்’ என்பது மட்டுமே. உண்மையான அறிவிப்போ, மீட்கப்பட்டவை எவை என்று சொல்லி, டாக்டரையோ மருந்தாளரையோ பார்த்து மாற்று மருந்து பெறும்வரை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது. மீட்பு அறிவிப்பு வரும்போது மருந்தின் பொதுப் பெயரோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளர், தொகுதி (பேட்ச்) எண் ஆகியவற்றை நம் கையில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து, எண் இருக்கும் ஓரத்தை எறிந்துவிடுகிறவர்களுக்கு அது முடியாது.

அத்தையின் முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. வலி இருக்கிறது, இயன்மருத்துவ (பிசியோதெரபி) பயிற்சிக்கு அலுத்துக்கொண்டே போய் வருகிறார். விற்றவர் அந்தச் சந்தையில் இப்போது இல்லை, வேறு ஊரில் வேறு பெயரில் விற்கிறாரா என்பதை நான் அறியேன். கோயில் மண்டபத்தில் பள்ளி விடுமுறைக் காலங்களில் நாங்கள் சிலர் உட்கார்ந்து, ஊரார் கொண்டுவரும் புட்டிகளின் எண்களைத் தேடிப் பார்த்துச் சொல்கிறோம்; மலாயில் உள்ள படிவங்களை இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை முகம் வெளுக்கும் கிரீம்களைப் பார்க்கப் போகிறோம். ஒப்பனைப் பொருள்கள் 2008 முதல் முன்கூட்டியே ஆராயப்பட்டு அனுமதிக்கப்படுவதில்லை, அவற்றை விற்கும் நிறுவனம் என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவிப்பு செய்தால் போதும். பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் இருந்ததால் அறிவிப்பு ரத்தான கிரீம்கள் பல. வருகிறவர்கள் டியூபை மட்டும் எடுத்து வராமல், அட்டைப் பெட்டியையும் வாங்கிய ரசீதையும் சேர்த்துக் கொண்டு வர வேண்டும்.